கரை கடந்த கல்வியும் கரை சேராத மகிழ்ச்சியும்

ஹட்டோ துறைமுகத்திலிருந்து சென்னைக்குக் கப்பல் புறப்படும் நாளில் அங்குச் சென்று நின்றவர் யாவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். கப்பலின் சங்கு ஒலிக்கும். மேல்தளத்துக் கம்பியைப் பற்றிக்கொண்டு பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிற்பர். கீழே தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தந்தை அழுவதில்லை. அருகில் நிற்பவரை நோக்கி, "இப்போது சென்னை, படிப்பு முடிந்தால் வெளிநாடுதான். இனி அவனுக்கு என்ன குறை?" என்பார். இன்று வானூர்தியிற் செல்வோர் மிகுந்துவிட்டனர். வழியனுப்பும் இடம் மாறியிருக்கிறது. தந்தையின் சொல் மாறவில்லை.

"இனி அவனுக்கு என்ன குறை?" என்னும் அக்கேள்விக்குள் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. மகிழ்ச்சி என்பது தொலைவிலுள்ள ஏதோ ஒரு கரையில் குவிந்து கிடக்கும் பண்டம், அங்குச் சென்று சேர்ந்தவன் அதனைப் பெற்றான், சேராதவன் இழந்தான், சேர்ந்த பின் திரும்பியவனோ கைப்பொருளைக் கடலில் எறிந்த பேதை என்பதே அக்கொள்கை. தீவுவாழ் தமிழர் இல்லங்கள் பலவற்றில் இன்று ஆட்சி செய்வது இதுவே. இதனை மறுத்தற்கே நாம் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். பிள்ளைகள் கடல் கடந்து கற்பதை நாம் எதிர்க்கவில்லை. எதிர்ப்பது நன்றி மறத்தலாகும். 2024-இல் ஸ்ரீவிஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட்பிளேரில், ஜவகர்லால் நேரு அரசுக் கல்லூரி தோன்றியது 1967-இல்தான். மருத்துவக் கல்லூரி 2015-இல்தான் வந்தது. அதுவரை இத்தீவுகளிற் பிறந்து மருத்துவரான ஒவ்வொருவரும் கடலைக் கடந்து கற்றவரே. அவர்தம் கையால் நோய் தீர்ந்தவர் நம்மிடையே பலர் உளர்.

நாம் கூறுவது வேறு. வெளியே சென்று கற்பதன் பயன் பட்டமும் பதவியும் மட்டும் அன்று. மகிழ்ச்சி என்று பிறந்த வீட்டில் நினைத்திருந்தது எது, உண்மையில் மகிழ்ச்சி தருவது எது என்று ஒருவனை மறுமுறை எண்ணிப் பார்க்கச் செய்வதே அப்பயணத்தின் பெரும்பயன். அவ்வாறு எண்ணிப் பார்த்து வந்த பிள்ளையின் வாயை நாமே அடைத்துவிடுகிறோம். இதுவே நம் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரும் நாமே.

ஒரே கடல், இருவேறு தீர்ப்பு

1858-இல் ஆங்கிலேயர் இத்தீவுகளில் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். 1906-இல் செல்லுலார் சிறை 693 தனியறைகளுடன் கட்டி முடிக்கப்பட்டது. கடலைக் கடத்தலே சாதியை இழத்தல் என்று பலர் நம்பிய காலம் அது. ஆதலின் 'காலாபானி' என்ற சொல்லே சிறையினும் பெரிய அச்சத்தை ஊட்டிற்று. அந்நாளில், 1888-ஆம் ஆண்டு, சட்டம் பயில இலண்டனுக்குச் செல்ல முற்பட்ட பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தியைப் பம்பாயில் அவர்தம் சாதித் தலைவர் சாதியினின்று விலக்கி வைத்தார். கடல் கடந்தவன் குலத்துக்கு ஆகான் என்பது அன்றைய தீர்ப்பு.

இன்றோ தீர்ப்புத் தலைகீழாயிற்று. கடல் கடவாதவனே குலத்துக்கு ஆகாதவன். திருவிழாப் பந்தலில், "மகன் எங்கே இருக்கிறான்?" என்று வினவினால், "இங்குதான் இருக்கிறான்" என்று விடை கூறும் தந்தையின் குரல் தாழ்கிறது. திருமணப் பேச்சில் மணமகனின் குணத்தைக் கேட்பதற்கு முன் அவன் வாழும் நாட்டைக் கேட்கிறோம். அன்றைய சாதித் தலைவருக்கும் இன்றைய நமக்கும் உள்ள வேறுபாடு திசையில் மட்டுமே. சென்று வந்தவனை அமர்த்தி, "நீ கண்டது என்ன?" என்று கேட்கும் வழக்கம் அவரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை.

நம் பாட்டன்மார் எழுதிய மடல்

நாம் புலம்பெயர்ந்தோரின் மக்கள். 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ ஏழு பேருள் ஒருவரின் தாய்மொழி தமிழ். அவருட் பலர் காட்டு வேலைக்கும் சாலை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் அரசுப் பணிக்கும் வணிகத்துக்கும் வந்தவரின் வழியினர். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்து, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவரும் நம்மவரே.

அம்முன்னோர் ஊருக்கு எழுதிய மடல்களை நினைத்துப் பாருங்கள். "இங்கு யாவரும் நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றே அவை தொடங்கும். எழுதியவர் குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருப்பார், கூரை ஒழுகும், அட்டை கடித்த காலில் புண் ஆறியிராது. ஆயினும் குறை இல்லை என்றே எழுதினார். ஏன்? உண்மையை எழுதினால் தாய் உண்ணமாட்டாள். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பான். "போனவன் தோற்றான்" என்று ஊர் நகைக்கும். அது அன்பினாற் பிறந்த பொய். அவரை நாம் பழிக்கவில்லை. ஆனால் அப்பொய்யை நம்பி அவர் தம்பியும் அடுத்த கப்பலில் ஏறினான் என்பதையும் மறத்தல் ஆகாது.

இத்தகைய மடல்களைக் கேட்டு வளர்ந்தவர் நாம். "நலமாக இருக்கிறேன்" என்னும் ஒரு தொடருக்குள் எத்தனை துன்பம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை மற்ற எவரினும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தோமா? கைப்பேசியில் பிள்ளை அதனைச் சொன்னவுடன் நிறைவுடன் உறங்கிவிடுகிறோம். அவன் வேறு விடை கூறாதபடி அல்லவோ நாம் வினவுகிறோம்! "நலந்தானே? மகிழ்ச்சிதானே?" என்று கேட்பவனுக்கு "இல்லை" என்று விடை கூறுதல் எளிதன்று.

ஓதற்பிரிவுக்கு ஓர் எல்லை

பழந்தமிழர் இவ்வாறு இருந்தாரல்லர். தொல்காப்பியம், தலைவன் இல்லம் விட்டுப் பிரிதற்குரிய காரணங்களை எண்ணும்போது ஓதலை முதலில் வைக்கிறது. கல்விக்காகத் தொலைநாடு செல்லுதல் நமக்குப் புதியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆயின் அந்நூலின் கற்பியல், கல்விக்குரிய பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது என்று ஓர் எல்லையும் வகுத்தது. மருத்துவப் படிப்புக்கே ஐந்தாண்டுக்கு மேல் தேவைப்படும் இக்காலத்தில் அந்தக் கணக்கைப் பின்பற்ற இயலாது. கணக்கு அன்று இங்குக் கருதத்தக்கது, அதன் உள்ளுறையே. பிரிவு என்றால் அதற்கொரு மீட்சி உண்டு. சென்றவன் வந்து சேர்ந்தால்தான் அப்பிரிவு பயனுற்றது என்பதே அது.

பாலைத் திணையை மறுமுறை படியுங்கள். பொருளுக்காகச் சென்ற தலைவனைச் சங்கப் புலவர் கொடிய சுரத்தின் நடுவே நிறுத்தித் தன் நெஞ்சோடு பேச வைத்தனர். தேடிச் செல்லும் பொருள் பெரிதா, விட்டு வந்தவளின் அண்மை பெரிதா என்று அவன் தன்னையே வினவிக்கொள்கிறான். சில பாடல்களில் முன்னே செல்கிறான். சிலவற்றில் திரும்ப எண்ணுகிறான். எந்தப் புலவரும் அவனைக் கோழை என்று இகழ்ந்தாரல்லர். இடைவழியில் எழும் அந்த ஐயத்தையே உயர்ந்த பாடுபொருளாகக் கொண்டனர். அந்த இலக்கியத்துக்கு விழா எடுக்கும் நாம், நம் பிள்ளைக்கு அதே ஐயம் எழுந்தால் அதனை நோய் என்கிறோம்.

பெண்டிரொடு கடற்பயணம் இல்லை என்று பொருள்படும் விதியும் தொல்காப்பியத்தில் உண்டு. அதனைக் காட்டிப் பெண்மக்களின் கல்விப் பயணத்தைத் தடுப்பார் இருப்பின், அவர்க்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். கணவன் பின்னே கைக்குழந்தையோடு கப்பலேறி வந்த நம் பாட்டிமார் அவ்விதியை என்றோ கடந்துவிட்டனர். விலக்கு வேண்டுவது அவர்தம் பேத்திக்கு அன்று, நம் அச்சத்துக்கே.

சென்று கண்டவர் மூவர்

மாணவராய்ச் சென்ற நாட்டில் மகிழ்ச்சியின் அளவுகோலை மாற்றிக்கொண்டவர் மூவரை இங்கு நினைவுகூர்வோம்.

முதல்வர் முன்னர்க் கூறிய காந்தியடிகள். இலண்டனை அடைந்த இளைஞர், ஆங்கிலக் கனவானைப் போல் ஆவதே இன்பம் என்று எண்ணினார். விலையுயர்ந்த உடை தைத்துக்கொண்டார், நடனம் கற்றார், வயலின் வாங்கிப் பயின்றார். இம்மயக்கம் ஏறத்தாழ மூன்று திங்கள் நீடித்தது என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். பின்னர்ச் செலவைக் கணக்கிட்டார். ஒற்றை அறைக்குக் குடிபெயர்ந்தார். தம் உணவைத் தாமே சமைத்தார். வண்டிக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தி நடந்தே சென்றார். அவ்வெளிய வாழ்வு தம்மை வாட்டவில்லை என்றும், உள்ளத்துக்கும் புறவாழ்வுக்கும் ஓர் இயைபைத் தந்தது என்றும் எழுதினார். எளிமையின் இன்பத்தை இராசகோட்டிலிருந்து மட்டும் கற்றவர் அல்லர் அவர். செல்வத்தின் தலைநகரில் நின்று, ஆரவாரத்தைச் சுவைத்து, வேண்டா என்று வைத்த பின் பெற்ற தெளிவு அது.

இரண்டாமவர் சுபாஷ் சந்திர போஸ். 1919-இல் இங்கிலாந்துக்குச் சென்றார். 1920-இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அந்நாளில் ஓர் இந்தியப் பெற்றோர் தம் மகனுக்குக் கனவு காணக்கூடிய உச்சி அதுவே. 1921 ஏப்ரலில் அவர் அப்பணியைத் துறந்தார். நம்மிடையே ஒரு பிள்ளை அவ்வாறு செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? அவர் 1943 டிசம்பர் 30-ஆம் நாள் இதே போர்ட்பிளேரில் தேசியக் கொடியை ஏற்றினார். ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடும்போது, கொடியை ஏற்றிய கை முன்னொரு நாள் பதவி விலகல் மடலை எழுதிய கை என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

மூன்றாமவர் நம் தீவுகளின் மைந்தர். அவர் கதையில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரில் சமயப் பணியும் பள்ளிப் பணியும் ஆற்றியவர் வேதப்பன் சாலமன் என்னும் தமிழர். அவர் தம்மிடம் பயின்ற நிக்கோபார்ச் சிறுவர் ஒருவரை மேற்கல்விக்காகப் பர்மாவின் மாந்தலை நகருக்கு அனுப்பி வைத்தார். அச்சிறுவரே பிற்காலத்துப் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். கூட்டுக் குடும்பத்துக்குரிய நிலமும் தென்னையும் பன்றிகளுமே செல்வமாகக் கருதப்பட்ட தீவிலிருந்து, அரண்மனையும் அங்காடியும் நிறைந்த நகருக்குச் சென்றவர் அவர். அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்து ஆசிரியரானார்; தம் மொழியில் பாடநூல் இயற்றினார்; விவிலியத்தை நிக்கோபாரியில் மொழிபெயர்த்தார். 1950-இல் பேராயரானார், முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராய் அமர்ந்தார், 1965-இல் பத்மஸ்ரீ விருதும் 1975-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 1978-இல் மறைந்த அவர் பெயரைக் கார் நிக்கோபார் மருத்துவமனை இன்றும் தாங்கி நிற்கிறது. இவரை யாரேனும், "மாந்தலையில் நிலைக்க முடியாமல் திரும்பி வந்தவர்" என்று கூறுவரோ?

இன்றைய பொய்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கம்பிவடம் இயங்கத் தொடங்கியது. மடலுக்குக் கப்பலை எதிர்நோக்கிய மக்கள், இன்று பனி பொழியும் தெருவில் நிற்கும் மகனின் படத்தை நொடியில் காண்கின்றனர். காண்பது படத்தை, வாழ்வை அன்று. ஓர் அறையில் அறுவர் உறங்குவது அப்படத்தில் இல்லை. இரவெல்லாம் உணவகத்தில் தட்டுக் கழுவுவது இல்லை. புரியாத மொழியில் நடக்கும் பாடமும் இல்லை.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோதுதான், எத்தனை ஆயிரம் இந்திய மாணவர் அங்கு மருத்துவம் பயின்றனர் என்பதே பலருக்குத் தெரிந்தது. 'கங்கை' எனப் பெயரிட்ட மீட்புப் பணியின்வழி ஏறத்தாழ 22,500 இந்தியர் தாயகம் சேர்ந்தனர். அவருட் பெரும்பாலோர் மாணவர். கார்கிவ் நகரில் உணவு வாங்க வெளியே வந்த கருநாடக மாணவர் ஒருவர் குண்டுக்கு இரையானார். நிலவறைகளில் ஒளிந்து உயிர் பிழைத்து வந்த பிள்ளைகளிடம் உற்றார் முதலிற் கேட்டது என்ன? "படிப்பு என்னாகும்? கடன் என்னாகும்?" என்பதுதானே! வெளிநாட்டில் மருத்துவம் கற்றவர் இங்குத் தொழில் செய்ய 2002 முதல் தகுதித் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். எழுதுவோரிற் பெரும்பகுதியினர் தேறுவதில்லை. இவ்வுண்மையை அனுப்புமுன் அறிந்துகொண்ட பெற்றோர் எத்தனை பேர்?

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் மகன் இரண்டாம் ஆண்டிலேயே வெளிநாட்டுப் படிப்பை விட்டு வந்தான். "விடுமுறைக்கு வந்திருக்கிறான்" என்று பெற்றோர் அண்டை வீட்டாரிடம் கூறினர். இரு திங்கள் அவனை அங்காடிக்கும் அனுப்பவில்லை. ஒரு நாள் அவன் நம்மிடம் மனந்திறந்தான். "அங்கே தனியாக அமர்ந்து உண்ட முதல் நாளில்தான், நம் வீட்டில் எட்டுப் பேர் ஒரு சட்டிக் குழம்பைப் பங்கிட்டு உண்டது வறுமை அன்று என்று எனக்குத் தெரிந்தது" என்றான். சற்று நின்று, "ஆனால் அங்கே என்னை யாரும் யார் மகன், என்ன சாதி என்று கேட்கவில்லை. அந்த நிம்மதி இங்கே எனக்குக் கிடைத்ததில்லை" என்றும் கூறினான்.

இவ்விரு தொடரும் நம்மை இன்றும் வருத்துகின்றன. முதலாவது, நம்மிடம் உள்ள செல்வத்தை நமக்கு உணர்த்தியது. இரண்டாவது, நம்மிடம் உள்ள அழுக்கை உணர்த்தியது. ஒரு பயணம் இவ்விரண்டையும் ஓர் இளைஞனுக்குக் காட்டியிருக்குமாயின் அதனினும் சிறந்த கல்வி வேறு ஏது? அவன் தந்தையோ இவ்விரு தொடரையும் கேட்டிலர். கேட்க விரும்பவும் இல்லை.

மறுப்புரைகளும் விடையும்

"தீவில் வேலை ஏது? திரும்பி வந்து என் செய்வது?" என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. எல்லாரும் திரும்பி வருக என்று நாம் கூறவில்லை. சென்ற நாட்டில் மனம் ஒன்றி, நல்ல தொழில் செய்து, நிறைவுடன் வாழ்பவர் வாழ்க. தங்குதல் துரோகம் அன்று. திரும்புதல் தோல்வியும் அன்று. இரண்டையும் பிள்ளை தன் கண்ணால் கண்டு தேர்தல் வேண்டும். ஊரார் நாவுக்கு அஞ்சித் தேர்தல் ஆகாது.

"வீட்டை அடகு வைத்து அனுப்பினோம், மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சுக் கடனை அடைக்குமா?" என்பார் உளர். அடைக்காது. ஆனால் மறைத்த துன்பம் கடனை வளர்க்கும். முதலாண்டில், "இப்படிப்பு எனக்கு ஒவ்வவில்லை" என்று சொல்ல இடமிருந்தால் ஓராண்டுக் கடனோடு போகும். சொல்ல அஞ்சியவன் நான்காம் ஆண்டில் சொல்வான். அன்று வீடே போயிருக்கும். உண்மையைக் கேட்கும் காது உடைமை, பெற்றோர்க்குப் பொருளாலும் ஊதியமே.

"இடங்கொடுத்தால் முதல் மாத ஏக்கத்திலேயே பெட்டியைக் கட்டிவிடுவான்" என்பார் உளர். முதல் மாத ஏக்கம் வேறு. ஓராண்டு நின்று கண்ட தெளிவு வேறு. ஏக்கத்தை ஆறுதல் கூறித் தேற்றலாம். தெளிவை மதித்தல் வேண்டும். எது எதுவென்று பிரித்தறிவதற்கேனும் அவனைப் பேசவிட்டுக் கேட்க வேண்டாவோ?

செய்ய வேண்டுவன

ஆண்டு விழாக்களில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோரையும் வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் பெற்றோரையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். நன்று, அது தொடர்க. ஆனால் அதே மேடையில் ஒரு மாலைப்பொழுதைப் போய் வந்தவர்க்கு ஒதுக்குவோம். பட்டத்தோடு வந்தவர், பட்டமின்றி வந்தவர் இருவரும் பேசட்டும். அங்குக் கண்ட நன்மையையும் தீமையையும், செலவையும் தனிமையையும், கற்றதையும் இழந்ததையும் அவர்கள் வாயாற் கேட்டால், அடுத்த ஆண்டு கப்பலேறும் பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு செல்வான்.

இல்லத்தில் இன்னொன்று செய்வோம். தொலைபேசியில் "மகிழ்ச்சிதானே?" என்று கேட்பதை நிறுத்துவோம். "இன்று என்ன உண்டாய்? யாரோடு பேசினாய்? எது கடினமாக இருந்தது?" என்று கேட்போம். விடைக்குக் காத்திருப்போம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கார் நிக்கோபாரையும் கச்சாலையும் அழித்தபோது, இத்தீவுவாழ் குடும்பங்கள் தொலைவிலிருந்த பிள்ளைகளைப் பற்றியும், தொலைவிலிருந்த பிள்ளைகள் இக்குடும்பங்களைப் பற்றியும் கேட்ட கேள்வி ஒன்றே: "உயிரோடு இருக்கிறார்களா?" அன்று எவரும் ஊதியத்தைக் கேட்கவில்லை, நாட்டின் பெயரைக் கேட்கவில்லை. மகிழ்ச்சியின் அடித்தளம் எது என்பதை அந்நாளில் நாம் அறிந்திருந்தோம். அலை வடிந்ததும் மறந்துவிட்டோம்.

வழியனுப்பத் துறைமுகத்துக்குக் குடும்பத்தோடு செல்லும் வழக்கம் நமக்கு உண்டு. திரும்பி வருபவனை எதிர்கொள்ளவும் அவ்வாறே செல்வோம். அவன் கையில் பட்டம் இருப்பினும் இல்லாவிடினும் பெட்டியை வாங்கிக்கொள்வோம். வீட்டுக்கு அழைத்து வந்து, சோறிட்டு, "நீ கண்டது என்ன?" என்று கேட்போம். அவன் சொல்லி முடிக்கும்வரை நாம் வாய் திறவாதிருப்போம்.